எந்த விசில்

ஆறு இருபதுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது.

பெண்கள் இறங்கினார்கள். பாதிப் பேர் வேகமாக நடந்தார்கள். மீதிப் பேர் மெதுவாக.

மஞ்சுளா மிஷினிலிருந்து காலை எடுத்தாள். இந்த நேரத்தில் அவள் தைக்கமாட்டாள். பார்ப்பாள். அவளுடைய தையல் கடை தெருவின் நடுவில் இருந்தது. இடப்பக்கம் பஸ் நிற்கும் கூட்டுரோடு தெரியும். வலப்பக்கம் தெருவின் கடைசி தெரியும். அங்கே பாண்டுரங்கனின் ஹார்டுவேர்ஸ் கடை. மாடியில் அவர் வீடு. ஒட்டினாற்போல் அவர் வாடகைக்கு விட்டிருக்கும் பெண்கள் ஹாஸ்டல். எதிரே மூடிக் கிடக்கும் பழைய ரேஷன் கடை. அதற்குப் பின்னால் குடோன்கள். இருட்டிய பிறகு வல்லம் வடகால் பேக்டரிகளின் வெளிச்சம்.

அன்னக்கிளி மெதுவாக நடப்பவள். ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். சார்ஜர் செய்யும் லைனில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கினால் மோகன் கடையில் டீ குடிப்பாள். பழவண்டியில் கொய்யாவை எடுத்து முகர்ந்துவிட்டு வைப்பாள். செருப்புக் கடை முன்னால் நிற்பாள். அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். ஒரு மணி நேரம் கழித்து ஹாஸ்டலுக்குள் போவாள். தினமும் என்ன வாங்குகிறாய் என்று மஞ்சுளா ஒருநாள் கேட்டாள்.

“ஒண்ணும் வாங்கலக்கா. சும்ம நடந்தேன்.”

இன்று அவள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. நேராகத் தையல் கடைக்கு வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு சேர்ந்து ஆரஞ்சு நிற விசில் ஆடியது.

“யக்கா, நீங்க சங்கத்துல செக்ரட்டரிதான?”

“ஆமா. இன்னா?”

“ஹாஸ்டல் கேட்டப் பூட்டப் போறாவளாம். ஒண்ணாந்தேதில இருந்து ஆறரைக்குப் பூட்டு. பஸ்ஸ விட்டு எறங்கினா நேரா உள்ள போயிரணுமாம். அண்ணாச்சி சொல்லிட்டாவ.”

அண்ணாச்சி என்றால் பாண்டுரங்கன். கடைத்தெரு நலச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

“லைன்ல சூப்பர்வைசர் சொல்லுதத கேக்கணும். ரூம்ல எட்டுப் பேரு, பாத்ரூமுக்கு வரிசை. இந்த ஒரு மணி நேரந்தான்க்கா எனக்கு. இதையும் பூட்டிட்டாவன்னா நான் ஊருக்குப் போயிருவேன். எங்கம்மையும் அதத்தான் சொல்லுதா.”

“உங்கம்மா இன்னா சொல்லுது?”

“வந்துரு, கல்யாணத்தப் பண்ணிருவோம்ங்கா.”

மஞ்சுளா சிரித்தாள். அன்னக்கிளி சிரிக்கவில்லை.

பூட்டுக்குக் காரணம் மாடத்தி. அன்னக்கிளியின் அறையில் இருப்பவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ரேஷன் கடையருகே பைக்கில் வந்தவன் அவள் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். சங்கம் கூடியது. விளக்கு போட்டார்கள். கேமரா வைத்தார்கள். ஹாஸ்டல் பெண்கள் எல்லோருக்கும் விசில் கொடுத்தார்கள். விசில் மஞ்சுளாவின் யோசனை. தாம்பரம் போய் வாங்கி வந்தாள். சத்தம் நன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே ஊதிப் பார்த்து வாங்கினாள்.

போன வாரம் மறுபடியும் ஒரு பைக். மாடத்தியின் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. பேச்சுக் கொடுத்தது. அவள் விசிலை எடுத்து ஊதினாள். தெருவில் நல்ல கூட்டம். யாரும் திரும்பவில்லை. பைக்காரனே சிரித்துவிட்டுப் போனான். கேமராவில் பைக் தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

“ஏட்டி, வந்து சொல்லு அக்காட்ட” என்று அன்னக்கிளி தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். மாடத்தி வந்தாள். ஒல்லியான பெண். வாயில் வேர்க்கடலை.

“மொதத் தடவ அவயம் போட்டேன்க்கா. ஒருத்தரும் திரும்பல. ரெண்டாவது தடவ விசில் ஊதினேன். அதுக்கும் திரும்பல.”

“அவயமா? அப்டின்னா?”

“அவயம்னா சத்தம். காப்பாத்துங்கன்னு கத்துதது.”

“மெதுவா ஊதினியா?”

மாடத்தி கடலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள். “என் காதே அடைச்சிட்டுக்கா.”

அந்த நேரம் மஞ்சுளா இதே மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். விசில் கேட்டதா? யோசித்துப் பார்த்தாள். கேட்டிருக்கலாம். ஞாபகம் இல்லை.

தன் காது தன்னிடம் எதையோ மறைப்பதுபோல் இருந்தது.

*

மறுநாள் காலை பாண்டுரங்கன் கடைக்குப் போனாள். வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்களும் பைப்புகளும் அடுக்கியிருந்தன. கல்லா மேசையில் புதுப் பூட்டு இருந்தது. உள்ளங்கை அகலம்.

“இன்னாண்ணா, பூட்டு ரெடியா?”

“லைட்டு போட்டோம். கேமரா வெச்சோம். நீ விசில் குடுத்த. அந்தப் பொண்ணு ஊதிச்சா? ஊதிச்சி. ஒருத்தன் திரும்பினானா?”

“அதான் எனக்கும் புரியல. ஏன் திரும்பல?”

“ஏன்னு தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? திரும்பல. அவ்ளோதான். பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா, பில்டிங் யாருதுன்னு கேப்பான். நம்ம பேருதான் வரும்.”

“அதுங்க எங்க போவுதுங்க? டீ குடிக்குதுங்க. நடக்குதுங்க.”

“எங்க வூட்லயும் நடந்துதான் வந்தா. கோயிலுக்குப் போய்ட்டு.”

போன வருடம் பாண்டுரங்கனின் மனைவி மரகதத்தின் தாலிச் சங்கிலியை இதே தெருவில் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கீறல் மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் கடை திறக்க இறங்கும்போது மாடிப்படியின் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மத்தியானம் சாப்பிடத் திறப்பார். இரவு திறப்பார். மரகதத்துக்குக் காய்கறி வேண்டுமென்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒயர் கூடையை இறக்குவாள்.

“ஒரு வருஷமாச்சி. ஒரு பிரச்சன கீதா?” என்றார் பாண்டுரங்கன். “நிம்மதியா வேல பாக்கறேன்.”

“ஒண்ணாந்தேதி வரைக்கும் டைம் குடுண்ணா.”

“எதுக்கு?”

“ஏன் திரும்பலன்னு பாக்கறேன்.”

“திரும்ப வெச்சிக் காட்டு. பூட்டத் திருப்பிக் கடைலயே மாட்டிட்றேன். காட்ட முடியலன்னா கேட்டுல மாட்டுவேன்.” பூட்டை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். “அப்பறம், அந்தப் பொண்ணாண்ட சொல்லு. அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்புடுது. நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?”

*

மோகனிடம் கேட்டாள்.

“அன்னிக்கு அந்தப் பொண்ணு விசில் ஊதினது உனக்குக் கேட்டுச்சா?”

மோகன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். “எந்த விசில்?”

மஞ்சுளா கடைக்குத் திரும்பினாள். மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். எந்த விசில்.

கேட்க ஆரம்பித்தாள். குடோன் வாசலில் செக்யூரிட்டி ஊதினார். கண்டெய்னர் லாரியைப் பின்னால் எடுக்கக் கிளீனர் ஊதினான். கம்பெனி பஸ்ஸின் ஹெல்பர் ஊதினான். பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. வாத்தியார் ஊதினார். வல்லக்கோட்டைக்குப் போகும் கிருத்திகைக் கூட்டத்தை ஒதுக்கப் போலீஸ்காரர் ஊதினார். தெருவில் விசில் நிற்கவே இல்லை. இத்தனை வருடம் இதற்குள் உட்கார்ந்துதான் தைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் கவனித்தாள். ஒவ்வொரு விசிலும் யாரோ ஒருவரைத்தான் கூப்பிட்டது. லாரிக்காரனை, பஸ் டிரைவரை, விளையாடும் பிள்ளைகளை. அந்த ஒருவர் மட்டும் திரும்பினார். மற்றவர்கள் அது தங்களுக்கில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மாடத்தி ஊதியது யாருக்கு? எல்லோருக்கும். ஆனால் எல்லோருக்கும் என்று ஒரு விசில் இந்தத் தெருவில் கிடையாது.

சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் பஸ் வந்ததும் அன்னக்கிளியையும் மாடத்தியையும் கூட்டிக்கொண்டு தெருவின் கடைசிக்குப் போனாள்.

“யாராண்டயும் சொல்லாத. நீ ரேஷன் கடையாண்ட நின்னு ஊது. நான் இங்க நின்னு யார் யார் திரும்பறாங்கன்னு பாக்கறேன்.”

“எப்படி ஊதணும்க்கா?” என்றாள் அன்னக்கிளி.

“பயந்தா எப்டி ஊதுவியோ அப்டி.”

அன்னக்கிளி பயந்தவள்போல் ஊதினாள். துண்டு துண்டாக, வேகமாக.

மோகன் திரும்பவில்லை. செருப்புக் கடைக்காரர் திரும்பவில்லை. பழவண்டிக்காரி எடை போட்டாள்.

குடோன் சந்துக்குள் போகக் காத்திருந்த கண்டெய்னர் லாரி மட்டும் உறுமிற்று. அதன் கிளீனர் மோகன் கடையில் பன் தின்றுகொண்டிருந்தான். டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, காதை நம்பினார். லாரி பின்னால் வந்தது. அன்னக்கிளி பதறி இன்னும் ஊதினாள். லாரி இன்னும் வந்தது. பாண்டுரங்கன் கடை வாசலில் இருந்த நீல டிரம் ஒன்று டமார் என்று அப்பளமாயிற்று.

சத்தத்துக்கு இரண்டு பேர் திரும்பினார்கள். டயர் வெடித்தது என்று நினைத்துத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

பாண்டுரங்கன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். டிரைவர் கீழே குதித்தார்.

“விசில் அடிச்சது யாரு? வா வான்னு அடிச்சா வராம இன்னா பண்ணுவேன்?”

கிளீனர் பன்னோடு ஓடி வந்தான். “நான் இல்லண்ணே. நான் அங்க கீறேன்.”

“அப்ப யாரு?”

அன்னக்கிளி வாயில் விசிலோடு நின்றாள். எடுக்க மறந்துவிட்டாள்.

மாடத்தியால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் கையை வாயருகே கொண்டுபோனாள். குலவை போட்டாள்.

மஞ்சுளா சினிமாவில் மட்டும் கேட்ட சத்தம். நாக்கு நுனியில் உருண்டு, மெலிந்து, நீண்டு, மாடிகளுக்கு மேலே போயிற்று.

தெரு நின்றது.

மோகன் டீ வடிகட்டியோடு வெளியே வந்தான். செருப்புக் கடைக்காரர் எழுந்தார். பழவண்டிக்காரி தராசைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்த ஒடிசாப் பையன்கள் தலை தூக்கினார்கள். மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கியவர் மருந்தை விட்டுவிட்டு வந்தார். கூட்டுரோடு பக்கமிருந்துகூட ஆட்கள் நடந்து வந்தார்கள். 

“யார் மேலம்மா சாமி வந்துச்சி?” என்றான் மோகன்.

“கல்யாணமா?” என்றாள் பழவண்டிக்காரி.

மேலே பால்கனியில் மரகதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “இன்னா சத்தம் அது? ஏ மஞ்சுளா, இன்னா சத்தம்?”

மஞ்சுளா, திரும்பிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

“கோயில் கொடையில போடுவோம்” என்றாள் அன்னக்கிளி. “அம்மனுக்கு. கல்யாணத்துல போடுவோம். நாத்து நடும்போது எங்க ஆச்சிமாரெல்லாம் போடுவாவ.”

“பயந்தா போடுவீங்களா?”

“பயந்தா யாரு குலவ போடுவா? சந்தோசத்துக்குள்ளது அது.”

மாடத்திக்கு மனசு ஒப்பவில்லை. “சாமிக்குப் போடுதத பைக்காரனுக்குப் போடணுமா? எங்கம்மைக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு எடுப்பா.”

மூவரும் தையல் கடையில் இருந்தார்கள். மஞ்சுளா நாக்கை அசைத்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

“சாமிக்கு எதுக்குப் போட்றீங்க?” என்று கேட்டாள்.

“எதுக்குன்னா?”

“இன்னா அர்த்தம்? பாட்டா அது?”

அன்னக்கிளி யோசித்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. “சாமி எறங்கி வரணும்லா. அதுக்கு.”

“கூப்பிட்றது.”

“ஆமா. கூப்பிடுதது.”

“இங்கயும் அதான். சாமி வராட்டி பரவால்ல, மோகன் வந்தா போதும்.”

மாடத்தி சிரித்துவிட்டாள். “டீ வடிகட்டிய வச்சி என்ன செய்வாரு?”

“வந்து நிப்பான். அது போதும்.”

அதற்கடுத்த நாள்களில் மஞ்சுளா இருவரையும் வைத்து இன்னும் சில சோதனைகள் செய்தாள். காலையில் ஒரு குலவை. மழை தூறும்போது ஒரு குலவை. தெரு ஒவ்வொரு முறையும் திரும்பியது. ஒடிசாப் பையன்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் பெண்கள் இப்படிச் செய்வார்கள் என்று கையைக் காட்டிச் சொன்னார்கள். அது மஞ்சுளாவுக்குப் புதுச் செய்தி. அவர்கள் இந்தத் தெருவில் இருப்பது தெரியும். பேசியதில்லை.

*

மரகதத்தின் பிளவுஸ் தைத்து முடிந்திருந்தது. மஞ்சுளா எடுத்துக்கொண்டு போனாள். கிரில் பூட்டியிருந்தது. மேலே பார்த்துக் கூப்பிட்டாள். ஒயர் கூடை ஆடி ஆடி இறங்கியது.

“அண்ணி, போட்டுப் பாத்துச் சொல்லு. கை டைட்டா இருந்தா பிரிச்சித் தரேன்.”

“இருக்கட்டும். எங்க போட்டுகினு போறேன்.” மரகதம் கூடையை இழுத்தாள். உடனே உள்ளே போகவில்லை. “அந்தப் பொண்ணுங்க ஆறு இருபதுக்கு வருதுங்களே. அந்த உயரமா ஒண்ணு. அது இன்னா பண்ணிகினே இருக்குது அவ்ளோ நேரம்?”

“சும்மா நடக்குது.”

“கொய்யாப்பயத்த மோந்து பாத்துட்டு வெச்சிட்டுப் போவுது. வாங்கவே மாட்டேங்குது.”

“ஆமா.”

“நேத்து செருப்புக் கடையாண்ட ரொம்ப நேரம் நின்னுகினு இருந்துது. வாங்கிச்சா?”

“வாங்கல.”

“அந்தச் செவப்புச் செருப்புதான?”

மஞ்சுளாவுக்கு அது தெரியாது. தன்னைவிட மேலேயிருந்து பார்ப்பவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

“அந்தச் சத்தம் எப்டிப் போட்றது?” என்றாள் மரகதம்.

“நாக்க ரெண்டு பக்கமும் ஆட்டணுமாம். வாய முழுசாத் தொறக்கக் கூடாதாம். எனக்கே வரல.”

மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முயன்றாள். ‘லல’ என்று ஏதோ வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பல்லுல இடிக்குதுடி.”

கீழே கடைக்குள்ளிருந்து பாண்டுரங்கன் குரல் கேட்டது. “மரகதம், வெயில்ல நிக்காத. உள்ள போ.”

அவள் போனாள். கயிறு பால்கனிக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மோகன் கடையில் சங்கம் கூடியது. மஞ்சுளா தான் பார்த்ததைச் சொன்னாள். விசில் ஏன் கேட்கவில்லை, குலவை ஏன் கேட்டது.

பாண்டுரங்கன் கடைசிவரை கேட்டார்.

“வந்தாங்க. நான் இல்லன்னு சொல்லல. எதுக்கு வந்தாங்க? வேடிக்கை பாக்க.”

“ஆமா. வேடிக்கை பாக்கத்தான்.”

“அதத்தான் நானும் சொல்றேன். காப்பாத்தவா வந்தான்?”

“போனப் புடுங்கறவன் எங்கண்ணா புடுங்குவான்? யாரும் பாக்காத எடத்துல. நாலு பேரு வேடிக்கை பாத்துகினு நின்னா அவன் இன்னா பண்ணுவான்?”

“போய்டுவான்” என்றான் மோகன்.

“நீ டீயப் போடு.”

“டீ போட்டுகினேதான் சொல்றேன்.”

பாண்டுரங்கன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தார்.

“இப்ப புச்சு. அதனால திரும்பறாங்க. நாலு மாசம் போவட்டும். இதுவும் விசில் மாதிரிதான் ஆவும். அப்ப இன்னா பண்ணுவ?”

மஞ்சுளாவும் அதையே யோசித்திருந்தாள். சும்மாச் சும்மாப் போட்டால் பழகிவிடும். சோதனையே அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் மழை தூறிய நாளுக்குப் பிறகு குலவை போடச் சொல்லவில்லை.

“பூட்டு பழகாது” என்றார் பாண்டுரங்கன். “பூட்டு பூட்டுதான். திரும்ப வெச்சிட்ட, ஒத்துக்கறேன். ஆனா எனக்குத் தூக்கம் வரணும்.”

“திரும்ப வெச்சா பூட்டக் கடைல மாட்டுவேன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

*

ஒன்றாம் தேதி பஸ் வந்தது.

வேகமாக நடப்பவர்கள் ஹாஸ்டலுக்குள் போனார்கள். மெதுவாக நடப்பவர்கள் மோகன் கடையருகே நின்றார்கள். அங்கிருந்து கேட் தெரிந்தது. கேட்டில் சங்கிலி சுற்றியிருந்தது. பாண்டுரங்கன் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் திறந்த பூட்டு. மறு கையில் சாவிக்கொத்து.

மஞ்சுளா தெருவுக்கு இறங்கி வந்தாள். அன்னக்கிளி டீ கிளாஸோடு முன்னால் நடந்தாள். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். மாடத்தி பின்னாலேயே வந்தாள்.

“உள்ள போங்கம்மா” என்றார் பாண்டுரங்கன்.

“டீ சுடுதுல்லா அண்ணாச்சி. குடிச்சிட்டு வாரேன்.”

“அண்ணாச்சின்னு கூப்டாத.”

“வேற எப்படிக் கூப்பிட?”

“கூப்டவே வேணாம். உள்ள போ.”

அன்னக்கிளி டீயை ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். மறுபடி ஊதினாள். அவள் கண் தெருவின் அந்தக் கோடி வரை போய்வந்தது. மஞ்சுளா அதைப் பார்த்தாள். ஊருக்குப் போவதாக இருந்தால் இவள் சொல்லிக்கொள்ளாமல்தான் போவாள் என்று தோன்றியது.

“அவ்ளோ நேரமா ஒரு டீ?” என்றார் அவர்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இருமல்போல் ஆரம்பித்தது. நின்றது. மறுபடி வந்தது. நாக்கு பல்லில் இடித்தது. பிறகு எப்படியோ உருண்டு, கோணலாக, கிழிந்து, ஆனாலும் நீளமாக வெளியே வந்தது.

ஹாஸ்டல் பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தார்கள். யாருடைய வாயும் அசையவில்லை.

மோகன் வடிகட்டியோடு வந்தான். செருப்புக் கடைக்காரர் வந்தார். பழவண்டிக்காரி, ஒடிசாப் பையன்கள், மருந்துச் சீட்டோடு யாரோ. ஹாஸ்டலுக்குள் போனவர்களும் சங்கிலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். கேட் இன்னும் பூட்டப்படவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

பால்கனியில் மரகதம் நின்றாள். புதுப் பிளவுஸ் போட்டிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“மரகதம்!” பாண்டுரங்கன் கத்தினார். “இன்னா ஆச்சி? எவனாவது வந்தானா? இன்னா ஆச்சி உனக்கு?”

அவள் தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லைபோலும்.

“ஒண்ணும் ஆவல” என்றாள். “ஒரு வருஷமா ஒண்ணும் ஆவல. அதான் கூப்ட்டேன்.”

எல்லோருடைய கண்களும் பால்கனியிலிருந்து படிக்கட்டுக்கு இறங்கின. கிரில் கேட். அதில் தொங்கிய பூட்டு. அங்கிருந்து பாண்டுரங்கனின் கைக்கு வந்தன. சாவிக்கொத்து லேசாகச் சத்தம் போட்டது. அவர் அதை இறுக்கிப் பிடித்தார்.

அன்னக்கிளி டீ கிளாஸை மாடத்தியிடம் கொடுத்தாள். கிரில்லுக்குப் பக்கத்தில் போய் நின்று மேலே பார்த்தாள்.

“மதினி, நீங்க கீழ வாரியளா, நாங்க மேல வரவா?”